அறுவடை விழாவில் ஏலம் போன மூட்டை

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து டெய்சி அக்காவின் சக்கரப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாள் ஊழியத்துக்கு அவ்வளவு பெரிய பெட்டியா! இலங்கைக்கு ஊழியத்துக்குப் போகிறோமா, மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறோமா என்று கேட்டேவிட்டேன். "ஏட்டி போ, நீயும் ஒன் சாக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

அந்தச் சாக்கைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நாசரேத்தில் நான் தையல் டீச்சர். பெயர் பியூலா. பயணம் உறுதியானதும் வீட்டில் கிடந்த பழைய அரிசிச் சாக்கைத் துவைத்து, வெட்டி, வாயைச் சுருக்கிக் கட்ட ஒரு கயிறும் கோத்து, நானே மூட்டை தைத்துக்கொண்டேன். உள்ளே இரண்டு சேலை, மாற்று உள்துணி, ஒரு போர்வை, எவர்சில்வர் தட்டு, டம்ளர், பல் துலக்குகிற பிரஷ், துண்டில் சுற்றிய வேதாகமம், பாஸ்போர்ட். தோளில் மாட்ட ஒரு கைப்பைகூடக் கிடையாது. ஊழியக்காரிக்கு எதற்கு இரண்டு பை?

இந்த எளிமைச் சட்டத்தை எங்கள் சபையில் கொண்டுவந்ததே நான்தான். தங்குகிற வீட்டில் தரையில் படுக்க வேண்டும். வைத்ததைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட தட்டை நாமே கழுவ வேண்டும். முக்கியமாக, யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது, யாரிடமும் எதையும் இனாமாக வாங்கக் கூடாது. கமிட்டியில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். டெய்சி அக்கா மட்டும், "சட்டம்லாம் நல்லாத்தான் இருக்கு. மனுசன் அதுல எங்க இருக்கான்?" என்று முணுமுணுத்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எவ்வளவு வருடமாக இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தேன்! ஒரு வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன், ஒரு வருடம் தம்பி கல்யாணம், ஒரு வருடம் கப்பலே ஓடவில்லை. இந்த முறைதான் பாஸ்போர்ட்டும் கையுமாக வெளிநாட்டுக் கரையில் கால் வைத்தேன். காங்கேசன்துறையில் இறங்கினதும் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் மண் மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் வெளிநாடு வெளிநாடுதானே!

இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து, ஞாயிறு காலையில் திருகோணமலையில் இறங்கினோம். கடைத் தெருவின் முடிவில் கடல், இன்னொரு தெருவின் முடிவிலும் கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு துண்டு நீலம் தெரிகிற ஊர். அன்றைக்கு ஆலயத்தில் அறுவடை விழா. வாசலெங்கும் வாழைக்குலை, தென்னம்பூ. உள்ளே பீடத்தைச் சுற்றி நெல் மூட்டை, பூசணிக்காய், மரவள்ளிக்கிழங்கு, கருவாட்டுக் கட்டு, கால் கட்டிய கோழிகள். எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை எப்படியோ அப்படியே. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சபைப் போதகர் சிறிலின் மனைவி நிலுஷா ஓடிவந்தாள். சின்ன வயசு, வாய் நிறையச் சிரிப்பு. டெய்சி அக்காவின் பெட்டியை வாங்கி மிஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் மூட்டைக்குக் கை நீட்டினாள்.

"தாங்கோ அக்கா, நான் கொண்டுபோய் வைக்கிறன்."

"வேண்டாம்மா. என் மூட்டையை நானே தூக்கணும்" என்றேன். சட்டம் சட்டம்தானே. அதற்குள் ஆராதனை மணி அடித்துவிட்டது. மூட்டையோடு உள்ளே போய், பக்கத்துத் தூணோரமாக, மற்ற மூட்டைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் சாய்த்து வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், இரவெல்லாம் தூங்காத டெய்சி அக்காவை நிலுஷா மிஷன் வீட்டில் படுக்க வைக்கக் கூட்டிப்போனாள்; மற்ற எல்லாரும் ஏலத்துக்கு வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். நான் அவர்கள் குசினி என்று சொல்கிற சமையல்கட்டுக்குப் போனேன். மலைபோலக் கிடந்த தட்டுகளைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே ஒலிபெருக்கியில் இரத்தினசிங்கம் ஐயாவின் குரல். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவருக்கு ஒலிபெருக்கியே வீண்செலவு. ஒரு பூசணிக்காயை அவர் விற்கிற அழகைக் கேட்டால், ராஜா வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார் என்று நினைக்க வேண்டும்.

"அடுத்தது மர்மப் பொதி!" என்று முழங்கினார். "ஆர் வச்சதெண்டும் தெரியாது, உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டும் தெரியாது! அவிழ்க்காமல் எடுக்கோணும், பிரிக்காமல் கொண்டுபோகோணும்! கேளுங்கோ, கேளுங்கோ!"

எங்கள் ஊரிலும் இது உண்டு. பெயர் சொல்லாமல் ஒருவர் ஒரு பொட்டலத்தை வைத்துவிடுவார், அதற்குத்தான் போட்டியே பலமாக இருக்கும். வெளியே விலை ஏறியது. நடுவில் கொஞ்சம் தொய்ந்தது. எனக்குக் கை நமநமத்தது. சோப்பு நுரையோடு ஜன்னலுக்கு ஓடி, யார் முகமும் தெரியாமலே கத்தினேன்: "ஏத்துங்க! இன்னும் ஏத்துங்க! கர்த்தருக்குக் குடுக்கதுல என்ன கஞ்சத்தனம்?"

வெளியே ஒரே சிரிப்பு, கைதட்டல். விலை மறுபடியும் பிய்த்துக்கொண்டு ஏறியது. "ஸெய்னுதீன் நானாவுக்கே பொதி!" என்று ஐயா முடித்தார். நானா என்றால் அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் வெற்றி வீராங்கனை மாதிரித் திரும்பி வந்து தட்டைக் கழுவினேன்.

தட்டெல்லாம் துடைத்து அடுக்கின பிறகு டெய்சி அக்கா வந்தாள். "ஏட்டி பியூலா, ஒன் மூட்டையை எங்க வச்ச? மிஷன் வீட்டுல இல்லையே."

"கோயில்ல, தூணுக்குப் பக்கத்துல."

"அங்க ஒண்ணும் இல்லட்டி. எல்லாத்தையும் ஏலம் விட்டாச்சு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். ஈரக் கையோடு ஓடினேன். ஆலயம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. தூணடியில் நாலு நெல்மணி கிடந்தது.

"எனக்கு என்ன தெரியும் பிள்ளை?" இரத்தினசிங்கம் ஐயா தலையில் கை வைத்தார். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் குரல் பாதியாக இருந்தது. "சாக்கிலை கட்டி நெல்லு மூட்டையோடை சாத்தி வச்சால், அது ஒரு ஆளின்ரை உடுப்பெண்டு ஆர் நினைப்பினம்?"

நியாயமான கேள்வி. டெய்சி அக்காவின் சக்கரப் பெட்டியை யாராவது ஏலம் விடுவார்களா? மாட்டார்கள்.

சேலை போகட்டும், போர்வை போகட்டும். பாஸ்போர்ட்! அது இல்லாவிட்டால் நாளைக் காலை இலங்கைத்துறைக் கிராமத்துக்குப் போகிற கதை கிடையாது. அங்கே கடலோரச் சபையில் ஒரு வாரம் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, தையல் என்று எல்லாம் ஏற்பாடு. அதற்குப் பதிலாகக் கொழும்புக்குப் போய், தூதரக வாசலில் நின்று, கிடைத்த காகிதத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். பயணக் காகிதங்களில் தகராறு வந்தால் அக்காவும் நானும் உடனே திரும்ப வேண்டும் என்பது ஊர்க் கமிட்டித் தலைவரின் கண்டிப்பான உத்தரவு. இத்தனை வருடம் காத்திருந்து, வந்த அன்றைக்கே பயணம் முடிந்து போகப் போகிறது. அதிலும் விலையை ஏற்றிவிட்டது நான்!

"ஸெய்னுதீன் நானா மூதூர் ஆள்" என்றாள் நிலுஷா. "காய்கறி வியாபாரம். ஒவ்வொரு வருசமும் எங்கட ஏலத்துக்கு வருவார். இப்ப நோன்பு மாசமெல்லே, நோன்பு திறக்க முதல் வீட்டை போகவேணுமெண்டு லொறியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். போன் அடிச்சால் போகுதில்லை."

"அப்போ?"

நிலுஷா சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். "அப்ப என்ன? பிடிப்பம். ஏறுங்கோ அக்கா!"

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்த எனக்கு யாரோ ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். மூக்குவரை இறங்கியது. போதகரின் மனைவி வண்டி ஓட்டுவாள் என்றுதான் நினைத்தேன், பறப்பாள் என்று யார் கண்டது? ஊரைத் தாண்டி, சீனக்குடாவைத் தாண்டி, குடாவைச் சுற்றிக்கொண்டு போகிற அந்தச் சாலை ஒரு வளைவில் கடலைக் காட்டும், அடுத்த வளைவில் மறைக்கும். தூரத்தில் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. என் கெட்ட மனசைப் பாருங்கள், பாஸ்போர்ட் போன அந்த வேளையிலும் அதற்கு ஒரே கொண்டாட்டம். காற்று முகத்தில் அறைந்தது. சிரிப்பு வந்தது. அடக்கினேன், அடங்கவில்லை.

"அழுகிறீங்களோ அக்கா?" என்று நிலுஷா கத்தினாள்.

"இல்லம்மா, நீ ஓட்டு!"

கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார். நான் இன்னார் என்று காட்ட உடம்பில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கேட்டால் என்ன சொல்வேன்? அடையாளமெல்லாம் ஏலத்தில் போய்விட்டது என்றா? நிலுஷா சிங்களத்தில் படபடவென்று பேசினாள். "லொறி" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு கையால் பூசணிக்காய் அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள், பெரிய மூட்டை ஒன்றைத் தூக்குவதுபோலச் செய்தாள், என்னைக் காட்டினாள். போலீஸ்காரர் என்னை ஹெல்மெட்டுக்குள் குனிந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே பாலத்தைக் காட்டினார்.

"இப்பத்தான் போனதாம் அக்கா! பூசணிக்காய் லொறி!"

பாலத்தின் நடுவில் கண்டுவிட்டேன். நீலச் சின்ன லொறி. பூசணிக்காய்க் குவியலுக்கு மேலே, ராஜா மாதிரி, என் மூட்டை! "அந்தா! அந்தா!" என்று நான் துள்ளினதில் ஸ்கூட்டி ஒருமுறை பாம்பாக நெளிந்தது. நிலுஷா முறுக்கினாள். லொறிக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு வண்டிதான். மூன்று. இரண்டு. அப்போது ஒரு மாட்டு மந்தை வயலிலிருந்து ஏறிச் சாலையை அடைத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் எங்களை விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மாடுகள் போய் முடிந்தபோது லொறி இல்லை.

மூதூருக்குள் நுழைகையில் வெயில் இறங்கிவிட்டது. கடைகள் சாத்தியிருந்தன. நோன்பு திறக்கிற நேரம் நெருங்கியதால் தெருவில் ஆள் குறைவு. கஞ்சி வாசம் மட்டும் வீட்டுக்கு வீடு வந்தது. மத்தியானம் தட்டு கழுவுகிற ஆர்வத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கு ஞாபகம் வந்தது. கஞ்சி வாளியோடு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நிற்காமலே வழி சொன்னார்.

நீல லொறி ஒரு முற்றத்தில் நின்றது. மேலே மூட்டை இல்லை. வாசலுக்கு வந்த பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் ஹெல்மெட்டையும் நிலுஷாவின் இடுப்புச் செருகலையும் மாறி மாறிப் பார்த்தார். ஸெய்னுதீனின் மனைவி ஸாலிஹா.

"மூட்டை! சாக்கு மூட்டை!" என்றேன்.

"இந்தியாப் புள்ள!" என்று அவர் உள்ளே திரும்பிக் கூவினார். "இஞ்சே, போட்டோல இரிக்கிற புள்ள வந்திரிக்கி! உள்ளுக்கு வாங்க, வாங்க."

உள்ளே பாய் விரித்து, பேரீச்சம்பழமும் கஞ்சிக் கோப்பைகளும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் என் மூட்டை, வாய் அவிழ்ந்து கிடந்தது. சேலைகளை மடித்து நாற்காலிமேல் வைத்திருந்தார்கள். வேதாகமம் மட்டும் காணவில்லை. என் கண் தேடுவதைப் பார்த்த ஸாலிஹா அலமாரியைக் காட்டினார். அதன் உச்சியில், அதே துண்டில் சுற்றினபடி இருந்தது. "வேதம்ண்டு கண்ட. கீழ வெக்க ஏலாது எண்டு மேல வெச்ச" என்றார்.

பாயில் உட்கார்ந்திருந்த ஸெய்னுதீன் என் பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்து, படத்தையும் என்னையும் ஒப்பிட்டார். நரை விழுந்த தாடி, குறும்புக் கண். "படத்துல இன்னும் கோவமா இரிக்கீங்க" என்றார். "இப்பதான் தொறந்து பாத்த. சிறில் ஐயாக்கு கோல் எடுக்கப் போனா போன் செத்துக் கிடக்கு, சார்ஜ் இல்ல."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அண்ணாச்சி, நீங்க குடுத்த காசை எப்படியாவது அனுப்பி வச்சிருதேன்" என்றேன்.

"சபையால இண்டைக்கே திருப்பித் தாறம் நானா" என்றாள் நிலுஷா.

அவர் தலையை ஆட்டினார். "அது ஏலாது தங்கச்சி. கடவுள்ட பேர்ல குடுத்த காசு. கோயில்ண்டாலும் பள்ளிண்டாலும் குடுத்தது குடுத்ததுதான். பொதி இப்ப என்ட. நான் அத இந்தப் புள்ளைக்கிச் சும்மா தாறன்."

சும்மா. இனாம். என் சட்டம் நெஞ்சுக்குள் எழுந்து நின்றுகொண்டது. "சும்மா வாங்க மாட்டேன் அண்ணாச்சி. நாங்க ஊழியத்துக்கு வந்தா யார்கிட்டயும் எதுவும் இனாமா வாங்கதில்ல. பாஸ்போர்ட்டை மட்டும் குடுங்க, அது கவர்ன்மெண்டோடது. மத்ததெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க." கட்டின சேலையோடு பத்து நாள்! சொல்லும்போதே எனக்கு என்மேல் பெருமையாக இருந்தது.

"பொதி பிரிக்கிறல்ல" என்றார் அவர். "அவிழ்க்காம எடுக்கோணும், பிரிக்காம கொண்டுபோகோணும். ரத்தினசிங்கம் ஐயா சொன்னது ஒங்களுக்குக் கேக்கலையா? கேட்டிரிக்கணுமே. குசினிக்குள்ள இருந்து 'ஏத்துங்க, ஏத்துங்க' எண்டு கத்தின கொரல் ஒங்கடதானே?"

நிலுஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் முகம் சூடாகிவிட்டது. அவர் பாஸ்போர்ட்டை என் சேலைகளுக்கு நடுவில் வைத்து, எல்லாவற்றையும் மூட்டைக்குள் போட்டார். "எடுத்தா முழுசா எடுங்க. என்ட அன்பளிப்பா எடுங்க. இல்லாட்டி எனக்கு ரெண்டு சேல லாபம்."

விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் மூட்டை அவர் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் இலங்கைத்துறை இருந்தது, என் பயணம் முழுக்க இருந்தது. நான் கையை நீட்டவில்லை. நாசரேத்துப் பிடிவாதம்.

ஸாலிஹா விளையாடவில்லை. என் அருகே வந்து மெதுவாகத்தான் கேட்டார்: "விடியச் சாமத்துக்குப் பொறகு வாயில தண்ணி வெக்காத மனிசன், தங்கச்சி. நோன்பு தொறக்க முந்தி ஒரு நன்மை செய்வம் எண்டு பாக்காரு. எங்கட கையால வாங்கிறது ஒங்களுக்கு அவ்வளவு பாரமா?"

பாரம். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று கமிட்டியில் மேசையைத் தட்டிப் பேசினவள் நான். வாங்க மறுத்து இவர்கள் மனதில் ஒரு பாரத்தை வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறேனே! வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த இரண்டு பேர்மேலும் எங்கிருந்தோ அப்படி ஒரு பிரியம் பொங்கியது. ஊரில் கூடப் பிறந்தவர்களிடம்கூட நான் எதையும் கேட்டதில்லை. நாக்கு புரள மறுத்தது. புரட்டினேன்.

"தாங்க அண்ணாச்சி" என்றேன். "எனக்குத் தாங்க."

அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் மூட்டையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். நானே வெட்டி, நானே தைத்து, நானே நிரப்பிய மூட்டை. முதல்முறையாக ஒருவர் தந்து என் கைக்கு வந்தது. அதே நேரம் பாங்கு ஒலித்தது. அவர் உட்கார்ந்து, கண்ணை மூடி, பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். ஸாலிஹா எங்களையும் பாயில் இருத்தி, ஆளுக்கொரு பழத்தைக் கையில் திணித்தார். கஞ்சி சூடாக, தேங்காய்ப் பால் மணக்க இருந்தது. அப்படி ஒரு கஞ்சியை நான் சாப்பிட்டதே இல்லை.

பாதிக் கோப்பையில் நிலுஷாவின் போன் அடித்தது. டெய்சி அக்கா. என்னிடம் கொடுத்தாள்.

"கிடைச்சுட்டா?"

"கிடைச்சுட்டுக்கா. பாஸ்போர்ட்டும் இருக்கு."

"அப்போ நாளைக்கு இலங்கைத்துறை?"

"இலங்கைத்துறைதான்!"

அக்கா ஸ்தோத்திரம் சொல்லி அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாவம், அந்த மனுசனுக்கு நீ என்னட்டி குடுத்த?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்கலக்கா" என்றேன். "வாங்கிக்கிட்டேன்." ஸாலிஹா என்னைக் கேட்காமலே என் கோப்பையில் இன்னொரு அகப்பைக் கஞ்சி ஊற்றினார். நான் கோப்பையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தேன்.